சிவப்பாக இருந்தால் மழையா? ரேடார் படத்தில் இடிமழையைப் படிக்கும் விதம்

போன வருடம் மே மாதம், மாலை நாலு மணி இருக்கும். அம்மா மொட்டை மாடியில் கூழ் வடாம் பிழிந்து காயவைத்திருந்தார். நான் போனில் சென்னை ரேடார் படத்தைப் பார்த்துவிட்டு, “அம்மா, நம்ம ஏரியா மேல நல்லா சிவந்திருக்கு, வடாமை எடுத்துடலாம்” என்றேன். அம்மா வெளியே கையை நீட்டிப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. “உன் ரேடாருக்கு வேற வேலை இல்ல” என்று சொல்லிவிட்டு டீ போடப் போனார். டீயை வடிகட்டி முடிப்பதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டது. வடாம் மறுபடியும் கூழாயிற்று.

யோசித்துப் பார்த்தால் அன்று படமும் சரி, அம்மாவும் சரி. தப்பு என்னுடையது. மேலே எங்கேயோ இருந்ததைப் படம் காட்டியது. நான் அதைத் தரையில் பெய்கிற மழை என்று படித்துவிட்டேன். இப்போது நிறையப் பேர் ரேடார் படம் பார்க்கிறார்கள், அநேகமாக எல்லோரும் நான் செய்த தப்பைத்தான் செய்கிறார்கள். எனவே அடிப்படையிலிருந்து வருவோம்.

கத்துவது கொஞ்சம், கேட்பது அதிகம்

சென்னைத் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டடத்தின் உச்சியில் பெரிய வெள்ளை உருண்டை ஒன்று உட்கார்ந்திருக்கும். கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். உருண்டை வெறும் கூடுதான். உள்ளே எட்டு மீட்டருக்கு மேல் குறுக்களவுள்ள கிண்ணம் போன்ற ஆன்டெனா சுற்றிக்கொண்டிருக்கிறது. 2002 முதல் இந்திய வானிலைத் துறைக்காக வேலை செய்யும் டாப்ளர் ரேடார் அது.

கிணற்றுக்குள் குனிந்து “ஓய்” என்று கத்தினால், குரல் திரும்பி வர ஆகும் நேரத்தை வைத்துத் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடலாம். ரேடாரும் அப்படித்தான். அது அனுப்புவது நுண்ணலை. ஒரு துடிப்பு, நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும். அனுப்பியதும் வாயை மூடிக்கொண்டு காது கொடுக்கும். அலை போகிற வழியில் மழைத்துளி, ஆலங்கட்டி, பூச்சி, கட்டடம் என்று எது பட்டாலும் அதிலிருந்து துளியூண்டு திரும்பி வரும். அலையின் வேகம் நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர். ஆகவே 150 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மழையைத் தொட்டுத் திரும்ப ஆயிரத்தில் ஒரு நொடி போதும்.

அமெரிக்க வானிலை ரேடார்களைப் பற்றி ஒரு கணக்கு உண்டு. ஒரு மணி நேரத்தில் அவை அலை அனுப்பும் நேரத்தையெல்லாம் கூட்டினால் சுமார் ஏழு நொடிதான் வரும். மீதி 59 நிமிடம் 53 நொடியும் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. மனிதர்களில் இப்படி ஒருவரைப் பார்ப்பது கஷ்டம்.

நிறத்தின் கணக்கு

எதிரொலி எவ்வளவு பலமாக வருகிறது என்பதைத்தான் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வரைகிறார்கள். இதன் அளவு டிபிஇசட். டெசிபல் கணக்கு என்பதால் ஒவ்வொரு பத்து கூடும்போதும் எதிரொலி பத்து மடங்காகிறது. 20-க்கும் 50-க்கும் இடையே இருப்பது ஆயிரம் மடங்கு.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. துளியின் எதிரொலி அதன் விட்டத்தின் ஆறாவது அடுக்கைப் பொறுத்தது. 4 மில்லிமீட்டர் துளி ஒன்றில், 1 மில்லிமீட்டர் துளி 64-இன் தண்ணீர்தான் இருக்கும். ஆனால் ரேடாருக்கு அந்த ஒரு துளி 4,096 சின்னத் துளிகளுக்குச் சமம். கூட்டத்தில் நாலே பேர் பலமாகக் கத்தினால் மற்றவர்கள் குரல் காதில் விழாதல்லவா, அந்தக் கதை. ரேடார் நேரடியாக மழையை அளக்கவில்லை, பெரிய துளிகளின் சத்தத்தை வைத்து மழையை ஊகிக்கிறது.

அந்த ஊகத்துக்கு ஒரு சூத்திரம் 1948-இல் கனடாவின் மாண்ட்ரியலில் மார்ஷல், பால்மர் என்ற இருவரின் ஆய்விலிருந்து வந்தது. அதன்படி 40 டிபிஇசட் என்றால் மணிக்கு 11 அல்லது 12 மில்லிமீட்டர் மழை. 50 என்றால் 49. 55 என்றால் 100. ஐந்தே எண் கூடினால் மழை இரட்டிப்பாகிவிடுவதைக் கவனியுங்கள். 55-ஐத் தாண்டினால் இன்னொரு சந்தேகமும் வர வேண்டும்: உள்ளே ஆலங்கட்டி இருக்கலாம். நீர்ப்படலம் பூசிய பனிக்கட்டி ரேடாருக்கு ராட்சதத் துளி மாதிரித் தெரியும். அதை அப்படியே மழைக் கணக்கில் போட்டால் நம்ப முடியாத எண் வரும்.

சரி, அன்று எங்கள் வீட்டு மேல் சிவந்திருந்தது என்ன? நான் பார்த்தது ‘மேக்ஸ் இசட்’ என்கிற படம். சென்னை ரேடார் பார்க்கும் பலரும் அதைத்தான் முதலில் திறக்கிறார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் தரையிலிருந்து மேகத்தின் உச்சி வரை எந்த உயரத்தில் எதிரொலி மிகப் பலமோ, அந்த ஒரு மதிப்பை மட்டும் எடுத்து அது தட்டையாக வரைகிறது. வளரும் இடிமேகத்தில் கனமான மழை முதலில் ஐந்தாறு கிலோமீட்டர் உயரத்தில்தான் உருவாகிறது. பெரிய துளியே நொடிக்கு எட்டு, ஒன்பது மீட்டர் வேகத்தில்தான் விழும். ஆறு கிலோமீட்டர் இறங்கிவர அதற்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேண்டும். ஒரு டீ போடுகிற நேரம்.

அதே படத்தில் மேலேயும் வலது பக்கமும் இரண்டு பட்டைகள் இருக்கும். பலர் அவற்றை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். பக்கவாட்டிலிருந்து மேகத்தைப் பார்த்தால் எப்படித் தெரியும் என்று காட்டுபவை அவை. சிவப்பு மேலே தொங்கிக்கொண்டிருக்கிறதா, தரை வரை இறங்கிவிட்டதா, மேகம் 8 கிலோமீட்டரில் நிற்கிறதா, 15 கிலோமீட்டரைத் தொடுகிறதா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். என்னைக் கேட்டால் நடுவிலுள்ள வண்ணப் படத்தைவிட அந்தப் பட்டைகளுக்குத்தான் மதிப்பு அதிகம்.

உயரம் பற்றிப் பேசும்போது இன்னொன்று. ரேடார் கதிர் நேராகப் போகிறது, பூமியோ வளைகிறது. அரை பாகை சாய்வில் அனுப்பிய கதிர் 125 கிலோமீட்டர் தள்ளி, அதாவது வேலூர் பக்கம் போகும்போது ஏறக்குறைய 2 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். அகலமும் 2 கிலோமீட்டருக்கு மேல் விரிந்திருக்கும். 250 கிலோமீட்டரில் உயரம் கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர். அதற்குக் கீழே நடப்பது எதுவும் அதன் கண்ணில் படாது. சென்னை ரேடாரில் தூரத்து ஊர் ‘சுத்தமாக’ இருக்கிறது என்பதை வைத்து அங்கே மழை இல்லை என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

டாப்ளர்: நெருங்குகிறதா, விலகுகிறதா

இதுவரை சொன்னது எந்தப் பழைய ரேடாரும் செய்யும் வேலை. இரண்டாம் உலகப் போரில் விமானத்தைத் தேடியவர்களின் திரையில் மழை குறுக்கே வந்து தொந்தரவு செய்தது. அந்தத் தொந்தரவிலிருந்துதான் வானிலை ரேடாரே பிறந்தது. ஆனால் மழை எங்கே என்று தெரிந்தால் மட்டும் போதாது. காற்று என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் இடிமழையின் ஆபத்தை எடைபோட முடியும்.

ரயில்வே கேட்டில் நிற்கும்போது எக்ஸ்பிரஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நெருங்கினால் சுருதி ஏறியிருக்கும், நம்மைக் கடந்ததும் பொசுக்கென்று இறங்கும். இதை 1842-இல் ஆஸ்திரியரான டாப்ளர் கணக்காக எழுதினார். 1845-இல் நெதர்லாந்தின் பைஸ் பலோட் அதை நேரிலேயே சோதித்துப் பார்த்தார். ரயிலில் ஊதுகுழல் வாசிப்பவர்களை ஏற்றி ஒரே சுரத்தை ஊதச் சொல்லி, பாதையோரம் நல்ல காதுள்ள இசைக்காரர்களை நிறுத்திச் சுருதி மாற்றத்தைக் குறிக்கச் செய்தார். இதில் எனக்குப் பிடித்த விஷயம், பைஸ் பலோட் ஒரு வானிலை ஆய்வாளர். ஒரு நாள் இந்தத் தத்துவம் தன் துறைக்கே கண்ணாகும் என்று அவர் நினைத்திருக்க வழியில்லை.

மழைத்துளி ரயில் அல்ல. 10 சென்டிமீட்டர் அலைநீளத்தில் அலை நொடிக்கு 300 கோடி முறை அதிர்கிறது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் துளி அதில் வெறும் 500 அதிர்வைத்தான் மாற்றும். அத்தனை நுணுக்கத்தை ஒரே துடிப்பில் பிடிப்பது கஷ்டம். அதனால் ரேடார் அடுத்தடுத்த துடிப்புகளை ஒப்பிடுகிறது. முதல் எதிரொலி வந்தபோது அலை மேடாக இருந்ததா பள்ளமாக இருந்ததா, அடுத்ததில் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்க்கிறது.

நொடிக்கு ஆயிரம் துடிப்பு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே, மணிக்கு 90 கிலோமீட்டரில் வரும் துளி 2.5 சென்டிமீட்டர் நகரும். போக வர என்று கணக்கிட்டால் 5 சென்டிமீட்டர், அதாவது சரியாக அரை அலை. அதற்கு மேல் போனால் துளி முன்னே வந்ததா பின்னே போனதா என்று ரேடாருக்குத் தெரியாது. சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவது போலத் தெரியுமே, அதே குழப்பம். துடிப்பை இன்னும் அடிக்கடி அனுப்பலாமே என்று கேட்கலாம். அனுப்பலாம், ஆனால் ஒரு துடிப்பு 150 கிலோமீட்டர் போய்த் திரும்புவதற்குள் அடுத்தது கிளம்பிவிடும். எந்த எதிரொலி எந்தத் துடிப்புக்குச் சொந்தம் என்று தெரியாமல் போகும். தூரம் வேண்டுமென்றால் வேகத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும், வேகம் வேண்டுமென்றால் தூரத்தில். இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் இந்தக் கயிறிழுப்புக்கு வைத்திருக்கும் பெயர் ‘டாப்ளர் சிக்கல்’.

அப்புறம், டாப்ளர் காட்டுவது ரேடாரை நோக்கி வருவதையும் விலகுவதையும் மட்டுமே. குறுக்கே போகிற காற்று எவ்வளவு வேகமாக இருந்தாலும் அதற்குப் பூஜ்யம்தான்.

ஒக்லஹோமாவில் கற்றது

அமெரிக்காவின் நடுப்பகுதியில்தான் இந்தக் கலையின் பெரும்பகுதி வளர்ந்தது. அங்கே சில இடிமேகங்கள் முழுதாகச் சுழலும். தரையில் ஒரு திசையிலும் மேலே வேறு திசையில் பலமாகவும் காற்று வீசினால், மேலெழும் காற்று முறுக்கிக்கொள்ளும். அப்படிச் சுழலும் மேகத்துக்கு சூப்பர்செல் என்று பெயர். மேகத்திலிருந்து தரை வரை தூண் போல இறங்கிச் சுழன்றடிக்கும் சூறைக்காற்றுதான் டொர்னேடோ. மோசமான டொர்னேடோக்கள் சூப்பர்செல்லிலிருந்துதான் வருகின்றன.

1953 ஏப்ரல் 9 அன்று இல்லினாய் மாநிலத்தில் மழையளவு ஆராய்ச்சிக்காக வைத்திருந்த ரேடாரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார் டொனால்ட் ஸ்டாக்ஸ் என்ற தொழில்நுட்பப் பணியாளர். திரையில் இருந்த மேகத்தின் ஓரத்தில் ஒரு கொக்கி முளைத்தது. அவர் அதைப் படமெடுத்துக்கொண்டே இருந்தார். அந்தக் கொக்கி இருந்த இடத்தில் அன்று டொர்னேடோ அடித்திருந்தது. சுழலும் காற்று தன்னைச் சுற்றி மழையை இழுத்துப் போவதால் வருவதுதான் அந்த வடிவம். ‘ஹூக் எக்கோ’ என்று இன்றும் பாடத்தில் முதலில் சொல்வது அதைத்தான்.

கொக்கி இல்லாமலும் டொர்னேடோ வரும், கொக்கி இருந்தும் வராமல் போகும். 1973 மே 24 அன்று ஒக்லஹோமாவின் யூனியன் சிட்டியில் வந்த டொர்னேடோவை ஒரு குழு நேரில் படமெடுத்தது, அதே நேரம் நார்மன் நகரின் ஆய்வுக்கூட டாப்ளர் ரேடாரும் பதிவு செய்தது. பிறகு தரவைப் பிரித்துப் பார்த்தபோது, அருகருகே ஒரு புள்ளியில் காற்று வேகமாக வருவதும் அடுத்த புள்ளியில் வேகமாக விலகுவதும் தெரிந்தது. டொர்னேடோ தரையைத் தொடுவதற்கு முன்பே, மேகத்துக்குள் அந்தச் சுழற்சி இருந்திருக்கிறது. அமெரிக்கப் படங்களில் வருவது பச்சை, விலகுவது சிவப்பு. இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றால் பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும்.

1999 மே 3 அன்று ஒக்லஹோமா நகரை நோக்கி ஒரு டொர்னேடோ நகர்ந்தபோது, நார்மன் வானிலை அலுவலகம் ‘டொர்னேடோ அவசரநிலை’ என்ற சொல்லை முதல்முறையாகப் பயன்படுத்தியது. வழக்கமான எச்சரிக்கைச் சொல் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்ததற்குப் போதவில்லை. லாரியில் ஏற்றிய நடமாடும் ரேடார் ஒன்று அன்று அந்தச் சுழலில் மணிக்கு சுமார் 480 கிலோமீட்டர் வேகத்தை அளந்தது. நிலையான ரேடாரின் கதிர் தூரத்தில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் அகலம் என்று சொன்னேன் அல்லவா, சில நூறு மீட்டர் அகலமுள்ள டொர்னேடோவை அது தனியாகப் பார்க்க முடியாது. அது பார்ப்பது மேலே சுற்றும் பெரிய சுழலை. அதனால்தான் லாரியில் ஏற்றிக்கொண்டு பக்கத்தில் போகிறார்கள்.

2011-க்கும் 2013-க்கும் இடையில் அமெரிக்க ரேடார்கள் எல்லாவற்றுக்கும் இன்னொரு கண் வைத்தார்கள். அலையைக் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் அனுப்பி இரண்டு எதிரொலியையும் ஒப்பிடுவது அது. பெரிய மழைத்துளி, படங்களில் வரைகிற மாதிரி கண்ணீர்த்துளி வடிவத்தில் இருப்பதில்லை. காற்று கீழிருந்து தள்ளுவதால் அடி தட்டையாகி, தட்டில் கவிழ்த்த இட்லி மாதிரி இருக்கும். ஆகவே கிடைமட்ட எதிரொலி பலமாக வரும். ஆலங்கட்டி உருண்டு புரண்டு விழுவதால் இரண்டும் ஏறக்குறைய சமம். எதிரொலி பலம், ஆனால் இட்லி வடிவம் இல்லை என்றால் ஆலங்கட்டி என்று சொல்லிவிடலாம். கூரைத் தகடு, மரக்கிளை, சுவர்ப் பலகை எல்லாம் காற்றில் பறந்தால் இரண்டு எதிரொலிகளுக்கும் சம்பந்தமே இருக்காது. 2013 மே 20 அன்று அதே ஒக்லஹோமாவின் மூர் நகரில் 24 பேரைப் பலிகொண்ட டொர்னேடோவின்போது இந்த அடையாளம் பளிச்சென்று தெரிந்தது. அதைத் திரையில் பார்ப்பவர் பார்ப்பது மழையை அல்ல, யாருடையவோ வீட்டை.

டெக்சாஸ் ரேடார்களில் கோடை மாலைகளில் ஒரு வட்டம் விரியும். சான் அன்டோனியோ பக்கத்துக் குகையிலிருந்து இரை தேடக் கிளம்பும் லட்சக்கணக்கான வௌவால்கள். பார்க்க மழை போலவே இருக்கும்.

நம்ம ஊர் மாலை

சென்னைக்கு சூப்பர்செல் கவலை கிடையாது. நம்ம ஊரில் வருவது, தரை சூடாகிக் காற்று மேலெழுவதால் உண்டாகும் வெப்பச்சலன இடிமழை. ஆனால் அதற்கென்று ஒரு அழகான ஒழுங்கு உண்டு. கோடையில் மதியம் கடற்காற்று உள்ளே நுழையும். அதன் முன்விளிம்பில் பூச்சிகளும் தூசியும் குவிவதால், ரேடாரில் கடற்கரைக்கு இணையாக மெல்லிய வெளிறிய கோடு ஒன்று மேற்கே நகரும். அது மழை இல்லை. அந்தக் கோடு திருத்தணி, ராணிப்பேட்டை பக்கம் போய்ச் சூடான நிலக்காற்றோடு முட்டுகிற இடத்தில், வெறும் வானத்தில் புள்ளிகள் வெடிக்கும். ஜூனுக்குப் பிறகு மேலே மேற்குக் காற்று பலமாக இருப்பதால், அந்த மேகங்கள் மாலையில் சென்னையைப் பார்த்துத் திரும்பி வரும்.

வரும்போது கவனிக்க வேண்டியது சிவப்பின் அளவைவிட அதன் நடத்தை. பக்கப் பட்டையில் உயரத்தில் இருந்த சிவப்பு மளமளவென்று கீழே இறங்கினால், மழையோடு குளிர்காற்றும் தரையில் மோதி நாலாபுறமும் பாயப்போகிறது என்று அர்த்தம். மேகங்கள் வரிசையாகச் சேர்ந்து நடுப்பகுதி வில் போல முன்னே வளைந்தால், அந்த வளைவுக்கு எதிரே இருக்கும் ஊருக்குத்தான் காற்று அதிகம். மேகத்தின் முன்னால் மறுபடியும் ஒரு மெல்லிய வளைகோடு தெரிந்தால், அது அந்தக் குளிர்காற்றின் விளிம்பு. மழைக்கு முன்னால் கதவை அடிப்பது அதுதான். அந்தக் கோடு மேகத்தை விட்டு வெகுதூரம் ஓடிவிட்டால், மேகத்துக்குச் சூடான காற்று கிடைக்காமல் செத்துவிடும். வருகிற மேகத்தைப் பார்த்து ‘இன்னும் அரை மணியில் மழை’ என்று அறிவித்துவிட்டு நான் அசடு வழிந்த நாட்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவை. ஆனால் இரண்டு மேகங்களின் கோடுகள் மோதும் இடத்தில் புது மேகம் கிளம்பவும் செய்யும். ஆகவே ஒரே படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல், நாலைந்து படங்களை வரிசையாக ஓட்டிப் பாருங்கள்.

பள்ளிக்கரணையில் 2022-இல் தொடங்கிய இன்னொரு ரேடார் இருக்கிறது. 3 சென்டிமீட்டர் அலையில் வேலை செய்யும் அது, பக்கத்தில் இருப்பதை நுணுக்கமாகக் காட்டும். ஆனால் அந்தச் சின்ன அலையைக் கனமழை விழுங்கிவிடும். முன்னால் ஒரு பெரிய மேகம் நின்றால், அதற்குப் பின்னால் இருப்பது வெளிறிப்போகும் அல்லது காணாமலே போகும். அப்படித் தெரிந்தால் துறைமுக ரேடாரையும் ஒருதரம் பார்த்துவிடுங்கள், அதன் 10 சென்டிமீட்டர் அலை மழையை ஊடுருவும்.

மின்னல் எந்தப் படத்திலும் இருக்காது. ரேடார் அதைப் பார்ப்பதில்லை. இந்தியாவில் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்னலால் இறக்கிறார்கள். அதற்கென்று புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் கொண்டுவந்த ‘தாமினி’ செயலி தனியாக இருக்கிறது.

கடைசியாக, எல்லோரும் ஒரு தடவையாவது ஏமாறும் இடம். படத்தின் ஓரத்தில் இருக்கும் நேரம் நம்ம ஊர் நேரம் அல்ல, உலகப் பொது நேரம். 5 மணி 30 நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும். 11:02 என்று போட்டிருந்தால் மாலை 4:32. அப்போது மணி ஐந்தாகியிருந்தால், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது அரை மணி நேரத்துக்கு முந்தைய மழை.